பாம்பனுக்குக் கட்டிய பொட்டலம்

கறியை யார் அறுத்தது என்று கேட்காமல் கிதிர் முகம்மது ஒரு வாய் தின்றதில்லை. கல்யாண வீட்டிலும் கேட்பார், பெருநாள் வீட்டிலும் கேட்பார். தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில் கேட்டுவைத்து, கூடி வந்த சம்பந்தம் முறிந்து போனதும் உண்டு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் பிழைப்பே அந்தக் கேள்வியில்தான் ஓடியது.

தென்காசியில் வீடு, குற்றாலத்தில் சமையல் பண்டாரி வேலை. அருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜின் பின்கட்டில் அடுப்புப் போட்டிருந்தார். எழுபதுகளில் சாரல் தொடங்கிவிட்டால் மேலப்பாளையத்திலிருந்தும் கொல்லத்திலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் வந்து இறங்கும். பெட்டியைக் கீழே வைக்குமுன் பின்கட்டுக்கு வந்து, "பாய், கறி யாரு அறுத்தது?" என்பார்கள். "நான் முன்னால நின்னு, என் காதால பிஸ்மி கேட்டு அறுத்தது" என்பார் இவர். அதற்கப்புறம்தான் அவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிம்மதியாக அருவிக்குப் போவார்கள். ஊரார் ஓய்வெடுக்க அடுப்பூதியே அவருக்கு வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. தம் வீட்டுக்காரிக்கும் ஓய்வு என்று ஒன்று வேண்டும் என்பது அந்த மனுஷனுக்குத் தோன்றவேயில்லை.

எண்பத்தொன்றில் தோன்ற வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்காரி ஜாஹிரா பீவிக்குக் கால் வீங்கியது, நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைத்தது. பாளையங்கோட்டை டாக்டர் இருதயத்தில் பழுது என்றார். உப்பை அறவே விடச் சொன்னார். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, "மனசுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கட்டும் பாய், கேட்டதைச் செய்ங்க" என்றார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று கிதிர் முகம்மதுவுக்கு விளங்கியது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"ஏளா, ஒனக்கு என்ன வேணும்?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார். பிள்ளை இல்லாத வீடு. சேலை, நகை என்று எதையும் கேட்டுப் பழகாதவள் அவள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"ராமேஸ்வரத் தீவுக்குப் போவோமா மச்சான்? மேலேருந்து விழுற தண்ணியப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. சும்மா கெடக்கிற தண்ணிய ஒருக்கப் பாக்கணும்."

பக்கத்து வீட்டு இராமலட்சுமி வைத்த தீ அது. யாத்திரைக் கூட்டத்தோடு ராமேஸ்வரம் போய் வந்தவள், அங்கே கடலுக்கு மேலேயே ரயில் போகிறதையும், ஒரு பக்கத்துக் கடல் குளம் மாதிரி அசையாமல் கிடக்கிறதையும் கதை கதையாகச் சொல்லியிருந்தாள். தென்னைமர நிழலில் மணலில் உட்கார வேண்டும், எவருக்கும் எதுவும் சமைக்கக் கூடாது, காலை மட்டும் தண்ணீருக்குள் நீட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் ஜாஹிரா பீவியின் திட்டம். காயல்பட்டினம் போகலாமே, சாப்பாட்டுக்குக் கவலையில்லையே என்று இவர் சொல்லிப் பார்த்தார். "அங்கன ஒங்க சொந்தக்காரங்க இருக்காங்க. போன அன்னைக்கே என்னய அடுப்படியில விட்ருவாங்க" என்றாள்.

ஆவணியில் சாரல் ஓய்ந்து, லாட்ஜ் காலியாகி, வெயிலும் அடித்தது. அன்றைக்கே ரயிலேறியிருக்கலாம். விருதுநகரிலும் மானாமதுரையிலும் வண்டி மாறினால் மறுநாள் தீவு. ஆனால் கிதிர் முகம்மதுவுக்குத் தம் கேள்வி வந்துவிட்டது. இராமலட்சுமியிடம் போய்க் கேட்டார்.

"தாயி, அங்கன நம்ம ஆளுவ கறிக்கடை ஏதும் உண்டா?"

"எங்கன அண்ணாச்சி. எங்க பாத்தாலும் சைவக் கிளப்புதான்" என்றாள் அவள். பொய்யில்லை. கோயிலைச் சுற்றினாள், தீர்த்தம் ஆடினாள், ரயில் ஏறினாள். கண்டதைச் சொன்னாள். கோயிலுக்குப் போனவளிடம் கறிக்கடைக்கு வழி கேட்ட இவரை என்ன சொல்வது?

"இட்லிய யாரும் அறுக்கிறதில்லயே மச்சான். அதத் தின்னுட்டு இருந்துட்டு வருவோம்" என்றாள் ஜாஹிரா பீவி.

"நோயாளிக்குத் தெம்பு வேண்டாமா?"

"கடல்ல மீனு இருக்குமே. மீனுக்கு அறுப்பும் கெடையாது."

"எந்தச் சட்டியில, எந்த எண்ணெயில பொரிப்பானோ."

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பக்ரீத் வரட்டும். குர்பானிக் கறியைவிடச் சுத்தமான கறி உலகத்தில் உண்டா? தம் கையால் அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயப்போட்டு, உப்புக்கண்டமாக எடுத்துக்கொண்டு போய்விட்டால் தீவில் ஒருத்தனையும் அண்ட வேண்டியதில்லை. "ஒனக்காகத்தான் இம்புட்டுப் பாடும்" என்றார். அவள் சரி என்றாள். என்றைக்கு அவள் மாட்டேன் என்றிருக்கிறாள்!

அந்த வருஷம் பக்ரீத் புரட்டாசிக் கடைசியில் வந்தது. அதுவரை அடித்த வெயில் முழுக்க வீணாய்ப் போனது. பாவூர்சத்திரத்தில் பார்த்துப் பார்த்துக் கிடா பிடித்து வந்தார். ஜாஹிரா பீவி கட்டிலில் சாய்ந்தபடியே துண்டுகளைக் கயிற்றில் கோத்துக் கொடுத்தாள். எட்டிப் பார்த்த இராமலட்சுமிக்குத் திக்கென்றது.

"ஏட்டி, ஒனக்குத்தான் உப்பு ஆகாதே. இத எப்படித் திம்பே?"

"மெதுவாப் பேசுங்கக்கா" என்றாள் ஜாஹிரா பீவி. "ஆசையாச் செய்யுதாங்க. சொல்லிராதீங்க."

அடுப்படியில் அவளுக்கென்று உப்பில்லாத கஞ்சியைத் தனிச் சட்டியில் காய்ச்சிக் கொண்டிருந்தவர் அவர்தான். ஒரு கையால் அந்தக் கஞ்சி, மறு கையால் இந்தக் கண்டம். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கப் படுபாவிக்குத் தோன்றவில்லை.

கண்டம் பாதி காய்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கயிற்றை வீட்டுக்குள் கட்டினார், அடுப்புக்கு மேலே கட்டினார். நாற்றம் தாங்காமல் கடைசியில் குழி தோண்டிப் புதைத்தார். "தை வெயில் வரட்டும் ஏளா. அப்ப கண்டம் கல்லு மாதிரிக் காயும்" என்றார்.

"தை வரைக்குமா மச்சான்?" என்று கேட்டாள். அவசரப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மார்கழியில் ஒரு விடிகாலை, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் அப்படியே போய்விட்டாள். மையத்தை அடக்கத்துக்கு எடுத்த பிறகு வீட்டைக் கூட்டிய இராமலட்சுமி கட்டிலுக்கடியில் புது ரப்பர் செருப்பைக் கண்டாள். மணலில் நடப்பதற்கென்று வாங்கி வைத்தது. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

தை வந்தது, வெயிலும் வந்தது. கிதிர் முகம்மது இன்னொரு கிடா பிடித்து, தனியாகவே கோத்துக் காயப்போட்டார். பாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அவர் கண்டத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ரயிலேறினார். போகிறது என்று சொன்ன வாக்கைத் தூக்கிப்போட அவருக்கு மனசில்லை.

ரயில் கடல்மேல் ஏறியபோது, "அந்தா பாரு" என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினார். யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தீவுக்குள் முதல் நிறுத்தமான பாம்பனிலேயே இறங்கிவிட்டார். இறங்கிய காலோடு மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. பாங்கு வந்த திக்கில் நடந்தால் தெருவில் தொப்பி போட்ட பிள்ளைகள், உரித்துத் தொங்கவிட்ட ஆடு, அடுத்தாற்போல் ஒரு சாப்பாட்டுக்கடை. "வாங்க பாய்" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார் கடைக்கார மசூது. கடையின் பின்வாசல் திறந்து கிடந்தது. அதற்கப்பால் தென்னை, மணல், அசையாத தண்ணீர்.

பழக்க தோஷம், கேட்டுவிட்டார். "கறி யாரு அறுத்தது?"

மசூது சிரித்தார். "எங்க பள்ளிவாசல் லெப்பைதான். எங்க பாட்டன் காலத்துலேருந்து அவங்க வீட்டாளுகதான் அறுக்குறாங்க. இங்க வேற யாரு அறுப்பா?" அவர் பார்வை பெஞ்சில் இருந்த பொட்டலத்தில் விழுந்தது. "உப்புக்கண்ட வாசம் அடிக்குதே. இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்திருக்கீங்க, யாருக்கு பாய்?"

வீட்டுக்காரிக்கு என்று சொல்ல வாயெடுத்தார். அந்தப் பதிலை மாதக்கணக்காக ஊரெல்லாம் சொல்லியிருந்தார். உப்பில்லாத கஞ்சிச் சட்டி கண்முன் வந்து நின்றது.

"எனக்கு" என்றார். "எனக்குத்தான்."