அவளுடைய காதுக்காகப் போனோம்

என் மனைவிக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முடிவு செய்து, அவளை டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான்.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கத் தொடங்கியதிலிருந்து எதைச் சொன்னாலும் அவள் "என்ன?" என்பாள். வெள்ளறடை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். பின்படியில் நின்று "அமரவிளை" என்றால் முன்சீட்டில் தூங்குகிறவன் விழித்துக்கொள்வான். அந்தத் தொண்டையே கேட்கவில்லை என்றால் கோளாறு காதில்தானே இருக்க வேண்டும்?

"எனக்க காதுக்கு ஒரு கேடும் இல்ல. நீங்க முணுமுணுக்கியதாக்கும்" என்றாள் அவள். ஆனாலும் நெய்யாற்றின்கரைக்குப் போகிறோம் என்றதும் நல்ல சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டாள்.

அங்கே அவளை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒன்று விடாமல் அழுத்தினாள். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படிக் காது கிடைப்பது பாக்கியம் என்று மலையாளத்தில் சொன்னார். நான் ஏதோ மறுத்துச் சொன்னேன். அவர் முன்னால் குனிந்து "எந்தா?" என்றார். மறுபடி சொன்னேன். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

என் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதும்.

டாக்டரம்மா என்னை நடக்கச் சொன்னார். இடது கை வீசாமல் தொங்கியது. வாசனை தெரிகிறதா என்று கேட்டார்.

"அன்னைக்கு மீன் கரிஞ்சதுகூட இவருக்குத் தெரியல்ல. எனக்குப் பயந்து வாயத் தொறந்து மிண்டாம இருக்காருன்னு நான் நெனச்சேன்" என்றாள் மனைவி.

அப்படித்தான் அவளுடைய காதுக்குப் போய், திருவனந்தபுரத்தில் மூளை டாக்டர் முன்னால் நான் உட்கார்ந்தேன். பார்க்கின்சன் நோய் என்றார். மூளைக்குள் வேண்டாத புரதம் சேர்கிறது; அதைத் துப்புரவாக்க அங்கேயே காவல் செல்கள் உண்டு; வேலை முடிந்ததும் அவை அடங்க வேண்டும்; அடங்காமல் நின்றால் நல்ல செல்களையும் சேர்த்துக் கெடுக்கும். இந்த அழற்சியை மலையாளத்தில் நீர்க்கெட்டு என்றார். நோய் அதனால் வந்ததா, நோயால் அது வந்ததா என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லையாம்.

நீர் என்ற சொல் என் மனைவியின் காதில் விழுந்ததுதான் தாமதம். "நான் அப்பமே சொன்னேன் டாக்டரே, குளிச்சா இவரு தல தொவத்த மாட்டாரு."

டாக்டர் என் தலையைப் பார்த்தார். துவட்டுவதற்கு அங்கே ஒரு முடிகூடக் கிடையாது. "இது வேற நீராக்கும், அம்மா" என்றார், சிரிக்காமல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பயம் வந்துவிட்டது. "நான் படுத்திருவேனா?" என்று கேட்டேன். அவ்வளவு இரைச்சலிலும் அவளுக்கு அது முதல் தடவையே கேட்டது.

"படுத்தா எழுப்பத்தானே நான் உண்டு? பேசாம வாங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் மஞ்சள் நிறமாயிற்று. நீர்க்கெட்டுக்கு மஞ்சள் நல்லதென்று யாரோ சொன்னார்களாம். மரச்சீனிக் கிழங்கு மஞ்சள், சோறு மஞ்சள். ஒருநாள் பால் விடாத கட்டன்சாயாவிலும் சந்தேகமாக ஒரு நிறம். அடுத்த முறை போனபோது டாக்டர், மஞ்சள் கறியில் கிடக்கட்டும், மாத்திரையை விட்டுவிடாதீர்கள், தினமும் நடங்கள் என்றார். தாழ்ந்துபோன குரலுக்குப் பயிற்சியும் உண்டு: நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து "ஆ" என்று உரக்கக் கத்த வேண்டும்.

காலையில் முற்றத்தில் நின்று கத்தினேன். அவள் வாசலில் நின்று, "பத்தாது, இன்னும்" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். இரண்டாம் நாளே பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரர் வேலியைத் தாண்டி ஓடி வந்துவிட்டார். என்னைவிட மூத்தவர்.

"மக்கா, எதுவானாலும் பேசித் தீக்கலாம். இந்த வயசுல என்னத்துக்கு இந்தச் சண்ட?"

"சண்டயில்ல அண்ணே. டாக்டர் சொன்ன மருந்தாக்கும்" என்றாள் அவள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எங்க வீட்டுல இத்தன காலமும் நடந்தது வைத்தியமா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் இந்த நோயில் முகம் இறுகிவிடுகிறது. மனத்தில் இருப்பது அதற்கு வந்து சேருவதில்லை. அவர் சங்கடத்துடன் என்னைப் பார்த்து, கோபமா என்று கேட்டார்.

"கோவமா?" என்றாள் மனைவி, என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு. "நல்லா சிரிக்கியாரு. ஒங்களுக்குத் தெரியல்ல, அவ்வளவுதான்."