ஆவிக்கு எண்ணெய் எதற்கு?

எங்கள் சித்தி மூன்று விமர்சகர்களோடு சண்டை போட்டுக்கொண்டே குழம்பு வைப்பாள். மூவரும் வெள்ளைக்காரர்கள். அதில் இரண்டு பேர் எப்போதோ செத்துப் போய்விட்டார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சித்தி அதற்கெல்லாம் அசரமாட்டாள். புளியைக் கரைத்தபடியே, "அதெப்படி அவ செத்துட்டான்னு சொல்லுவ நீ? எங்க எழுதியிருக்குது, காட்டு" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்பாள். அடுப்பு பதில் சொல்லாது. ஜெயித்த திருப்தியில் உப்புப் போடுவாள். சில நாள் இரண்டு தடவை போட்டுவிடுவாள்.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கல்வராயன் மலைமேல் வாத்தியார் வேலை, அம்மாவும் அவரோடு இருந்தாள். மலையில் எனக்கு ஓயாமல் காய்ச்சல் வந்ததால் கீழே கச்சிராயபாளையத்தில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே வேறு குழந்தை இல்லாததால் நான் வைத்ததுதான் சட்டம். சித்தப்பாவுக்குக் கரும்பு விவசாயம். பெரிய படிப்பு கிடையாது என்றாலும், படித்த பெண்டாட்டியைப் பற்றிய பெருமை ஏராளம். டீக்கடையில் யாராவது சும்மா விசாரித்தால்கூட, "எங்க வூட்ல இங்கிலீசுல ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காங்க" என்பார். எதைப் பற்றி என்று கேட்டால் மட்டும் பேச்சைக் கோமுகி அணைத் தண்ணீருக்கு மாற்றிவிடுவார்.

எதைப் பற்றி என்று எனக்குத் தெரியும். விக்டோரியா ராணி காலத்து எழுத்தாளர் ஒருவர், முதலில் நாவல் எழுதி, வயதான பிறகு கவிதைக்குப் போனவர். அவருடைய ஒரு நாவலில் ஆற்றுப் பாலத்தை ஒட்டி ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் ஒருநாள் விடிகாலையில் கிளம்பிப் பாலத்தின்மேல் நடக்கிறாள். பனி மூடிக்கொள்கிறது. அதோடு நாவல் முடிந்துவிடுகிறது. அவள் என்ன ஆனாள் என்று அந்த மனிதர் சொல்லவே இல்லை. அவர் சொல்லாமல் விட்டதை அன்றிலிருந்து ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சித்தி அவர்களுக்குப் பட்டப்பேர் வைத்திருந்தாள். ஒருவர் விதிக்காரர். இந்த எழுத்தாளர் கதையில் விதியை மீறிப் பிழைத்தவர் யாருமில்லை, ஆகையால் அவள் ஆற்றில் விழுந்து செத்தாள் என்பது அவர் கட்சி. இன்னொருவர் கூலிக்காரர். உலகத்தையே ஏழை, பணக்காரன் என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பவர். கையில் காசில்லாத பெண் எங்கே போய்ப் பிழைப்பாள், ஆகையால் செத்தாள். மூன்றாவது ஒரு அம்மாள். வீட்டை விட்டுப் போனவளை உயிரோடு விட ஆம்பளை எழுத்தாளனுக்கு மனசு வராது, அவரே கொன்றுவிட்டார் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். "மூணு பேரும் மூணு தெச. பொணத்த மட்டும் ஒத்துமையா தூக்கறாங்க பாரு" என்பாள் சித்தி.

சித்தியின் கட்சி, அவள் சாகவில்லை என்பது. அதற்கு ஆதாரம் அதே மனிதர் கிழவரான பிறகு எழுதிய ஒரு கவிதை. அதில் ஒரு வயோதிகர் சாயங்காலங்களில் ஆற்றங்கரைக்கு வந்து, அக்கரையில் எரியும் விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். அது ஏதோ ஆவி விளக்கு என்று எல்லாரும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். சித்தி எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டே கேட்பாள்: "ஆவிக்கு எண்ணெ எதுக்குடி? தெனம் வெளக்கு எரியுதுன்னா தெனம் யாரோ எண்ணெ ஊத்தறாங்க, திரி போடறாங்க. அவ இருக்கறா. நல்லா இருக்கறா." நாவலைத் தனியாகவும் கவிதையைத் தனியாகவும் படித்ததுதான் எல்லாரும் செய்த தப்பு, இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பின்னல் இறுக்கமாக இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறொன்றும் தோன்றாது.

அந்த வருஷம் வெயில் காலத்தில் சித்தியின் ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்த பேராசிரியர் போன் செய்தார். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் முழுநேர ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். சித்தி அன்று ஒரு இடத்தில் உட்காரவில்லை. பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தாள். சித்தப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் எதற்குமே அவளிடம் வேண்டாம் என்று சொன்னவரில்லை. "கரும்பு வெட்டு முடியட்டும், பார்க்கலாம்" என்றார். மறுநாள், "திருவிழா முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.

"திருவிழா முடியறதுக்குள்ள திங்கக்கெழம வந்துடுமேங்க" என்றாள் சித்தி.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சித்தி போனால் நான் மலைக்குப் போயாக வேண்டும். அதனால் அவள் போகவே கூடாது என்று ஊரில் உள்ள எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் மத்தியானத்தில் பாரதம் படிப்பார்கள். பந்தலில் பிரசங்கியார் மைக் முன்னால் உட்கார்ந்து பாட்டும் வசனமுமாகக் கதை சொல்ல, வெயிலுக்கு ஒதுங்கிய ஜனம் கேட்கும். சும்மா கேட்காது. குறுக்கே புகுந்து கேள்வி கேட்கும், கட்சி கட்டும். எங்கள் ஊரில் ஒரு கண்டிப்பான வழக்கமும் உண்டு. கதையில் யாரையும் நடுவழியில் நிறுத்திவிட்டு அன்றைய கற்பூரத்தை ஏற்றக் கூடாது. காட்டுக்குப் போனவர்கள் என்றால் ஒரு மரத்தடியிலாவது அவர்களைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுத்தான் பிரசங்கியார் எழுந்திருக்கலாம். இல்லாவிட்டால் அந்த அலைச்சல் ஊருக்கு வந்துவிடும் என்பார்கள்.

சனிக்கிழமை பிரசங்கியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் குடித்தும் குரல் எழும்பவில்லை. விழாக் கமிட்டிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சித்தப்பா எழுந்து, "எங்க வூட்ல சொல்லட்டுமே. அவங்களுக்குத் தெரியாத கதையா?" என்றார். ஊரில் நாலு பேர் முன்னால் மரியாதை கிடைத்தால் சூட்கேஸ் தானாகப் பரணுக்குப் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ. வெறும் பெருமையாகவும் இருந்திருக்கலாம்.

"வெள்ளக்காரன் கதைய அம்மன் எதுருல படிக்கலாமா?" என்று பெரியவர் ஒருவர் இழுத்தார்.

கரும்புக்குக் களையெடுக்கும் அம்மா ஒருத்தி முன்வரிசையிலிருந்து, "பொம்பள பட்ட பாடு அம்மனுக்குத் தெரியாததா? சொல்லட்டும் வுடுங்க" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

சித்தி சொன்னாள். என்னமாய்ச் சொன்னாள்! ஒரு வார்த்தை இங்கிலீஷ் கலக்கவில்லை. பாலத்து வீடு, ஆற்றுத் தண்ணீர், பனி எல்லாம் பந்தலுக்குள் வந்துவிட்டன. "அவ புருசன் அடிக்கறவன் இல்ல, குடிக்கறவன் இல்ல. ஆனா இவ எது கேட்டாலும் பார்க்கலாம்னுவான். பார்த்துப் பார்த்தே பாதி வயசு போயிடுச்சு" என்றபோது பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. சித்தப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"பாலத்து மேல நடந்தா. பனி மூடிக்கிச்சு. அவ்வளவுதாங்க கதை" என்று சித்தி கைகூப்பினாள்.

பூசாரி கற்பூரத் தட்டோடு நின்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அவ்வளவுதான்னா? போயி இன்னா ஆனா?"

"எழுதினவரு சொல்லலைங்க."

"அதெப்பிடி? பாலத்து மேல நிக்க வெச்சுட்டு கற்பூரம் ஏத்தறதா?"

பந்தல் கலகலத்தது. ஆற்றில் விழுந்திருப்பாள், தலையெழுத்து என்றார் பெரியவர். கையில் காசில்லாமல் அக்கரையில் யார் சோறு போடுவார்கள் என்றார் கரும்பு வெட்டும் ஆள் ஒருவர். ஆம்பளை எழுதினால் அப்படித்தான் முடிப்பான் என்றாள் களையெடுக்கும் அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. விதிக்காரர், கூலிக்காரர், அந்த அம்மாள் மூன்று பேரும் எங்கள் ஊர்ப் பந்தலில் வேட்டி சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள்!

"நீ சொல்லும்மா. படிச்சவ நீ" என்று எல்லாருமாகக் கேட்டார்கள்.

சித்தியின் முகத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. அத்தனை நாள் அடுப்பிடம் கேட்ட கேள்விக்கு முதல்முறையாக மனிதர்கள் பதில் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "அக்கரையில ஒரு வெளக்கு..." என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் சித்தப்பா எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"திரும்பி வந்துட்டாங்க" என்றார். "பாதிப் பாலத்துல புருசங்காரன் ஓடியாந்து முன்னால நின்னான். வூட்டுக்கு வந்துடு, இனிமே நீ எது கேட்டாலும் பார்க்கலாம்னு சொல்ல மாட்டேன்னான். அவளும் வந்துட்டா. நல்லா இருந்தாங்க ரெண்டு பேரும்."

அவர் குரல் நடுங்கியது. மைக் பிடித்துப் பழக்கமில்லாத பயம் என்று நினைத்தேன். ஜனம் கைதட்டியது, பெண்கள் குலவையிட்டார்கள், பூசாரி கற்பூரம் ஏற்றினார். சித்தி எல்லாரையும்போலக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "எண்ணெய்க் கதைய ஏன் சித்தி சொல்லல?" என்று கேட்டேன்.

"அதான் கற்பூரம் ஏத்திட்டாங்களே" என்றாள்.

திங்கட்கிழமை சூட்கேஸ் பரணுக்குப் போயிற்று. நான் துள்ளிக் குதித்தேன். சித்தப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன்பிறகு அவர் வாயில் 'பார்க்கலாம்' என்ற வார்த்தை வந்ததே இல்லை, எது கேட்டாலும் செய்யத் தயாராக இருந்தார். சித்திதான் எதையும் கேட்கவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அதை ஒரு நல்ல மாற்றமாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். போன வருஷம் அந்த நாவலைப் பாடமாக வைத்தார்கள். விமர்சனங்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு புதிய கட்டுரை கிடைத்தது. அக்கரை விளக்கு ஆவியல்ல, அதைத் தினமும் யாரோ ஏற்ற வேண்டும், ஆகையால் அவள் உயிரோடிருக்கிறாள் என்று எங்கோ தூர தேசத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அது பெரிய கண்டுபிடிப்பு என்று எல்லாரும் கொண்டாடியிருந்தார்கள். சித்திக்குப் போன் செய்தேன். கட்டுரையில் இருந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "யாரோ ஒருத்தர் சொல்லிட்டாங்கல்ல, போதும். நீ சாப்ட்டியா?" என்றாள்.

பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது, யார் போனில் என்று. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சித்திக்குப் போவது சுலபமாக இருந்திருக்கும். பயந்துபோன ஒரு மனிதர் ஊர் முன்னால் நின்று கெஞ்சினார், ஊரும் கைதட்டி அவருக்காகப் பரிந்து பேசியது, அவ்வளவுதான். அவ்வளவும் நடந்த பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து, கதை நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பாலம் இங்கிலாந்தில் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.