தண்ணீரில் கவிழ்ந்த முகம்

கல்யாணமாகும் முன்பே அக்கா இறந்துவிட்டாள். அதனால் எங்கள் வீட்டில் அவள் கன்னித் தெய்வம். தை பிறந்தால் புதுப் பாவாடை, வளையல், மருதாணி எல்லாம் வைத்து அம்மா படைப்பாள். படம் மட்டும் கிடையாது; மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த நகமளவு முகம்தான். அதைப் பெரிதாக்கித் தரச் சொல்லி என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

வெயிலில் காட்டி நீல நிறத்தில் படம் அச்சிடும் பழைய முறைதான் என் பொழுதுபோக்கு. கடையில் அடித்துத் தரும் வழவழப்பு பிடிக்காது என்ற பெருமை வேறு. பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்புறம், அட்டையிலிருந்த முகத்தைப் பெரிய நெகட்டிவாக்கி, அக்காவை நீல அச்சாக எடுத்து, கழுவிக் காயவைத்துக் காட்டினேன். அம்மா பேயறைந்தவள்போல் நின்றாள்.

"மெர்போக் ஆத்துலேருந்து தூக்கிட்டு வந்தப்ப இப்படித்தான்லா நீலமா இருந்தா. வேற கலரே கெடைக்கலியா ஒனக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அக்காவைக் கொண்டுவந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அந்த நிறத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நீலத்தின் மேலேயே வேறு நிறம் ஏற்றித் தருகிறேன் என்றேன். கருவேலம் பிசினில் செம்மண் நிறச் சாயத்தைக் குழைத்து, வெளிச்சம் பட்டால் பிசினை இறுக்கிவிடும் பைக்ரோமேட் உப்பையும் கலந்து அச்சின் மேல் பூசினேன். காய்ந்ததும் அதே நெகட்டிவைக் கண்ணுக்குக் கண் பொருத்தி மறுபடி வெயிலில் வைத்தேன். அப்புறம் தாளைத் தட்டுத் தண்ணீரில் குப்புறப் போட வேண்டும். இறுகாத சாயம் தானாகக் கீழே இறங்கும். அதுவரை அதன்மேல் கை படக் கூடாது. போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் கலக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா தாளை வெளியே தூக்கிவிட்டிருந்தாள். மடியில் மல்லாத்திப் போட்டு, முந்தானையால் அக்காவின் மூக்கையும் வாயையும் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரச் சாயம் துணியோடு வந்துவிட்டது. முடி மட்டும் செம்மண்ணாக நிற்க, முகம் பழையபடி நீலமாக இருந்தது.

"அந்த உப்பு விஷம்மா, மொதல்ல கைய கழுவு" என்று அதட்டினேன். தாளை முகம் மேலே தெரிய மல்லாத்தி வைத்துவிட்டு அவள் குழாயடிக்குப் போனதைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பரவால்லம்மா. இன்னொரு பூச்சு பூசிடலாம். நீலம் தெரியாது."

"வேணாய்யா. அன்னைக்கு என்னைய யாரும் தண்ணிக்கிட்ட விடல. திரும்பவும் எம்புள்ளைய குப்புற போடாத."

அந்தப் படம்தான் இப்போது சாமிமேடையில் இருக்கிறது. அம்மா தினமும் அந்த நீல நெற்றியில் பொட்டு வைக்கிறாள். எனக்குத்தான் அந்தப் பக்கம் போகப் பயமாக இருக்கிறது.