ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி காஞ்சிபுரம் போன கதை

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பினேன். முந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல். முடிச்சூர், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வண்டி, பதினான்கு வருடங்களுக்கு முன் தவணையில் வாங்கிய நூறு சிசி மோட்டார் சைக்கிள். மீட்டர் அன்று காட்டியது 1,40,212. இந்த எண்ணை நான் சொல்லாத ஆள் கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். பல் பிடுங்கிய டாக்டரிடம் வாயில் பஞ்சோடு சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வார்கள், எனக்கு இது. கூடவே, "இன்ஜினை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை" என்பதையும் சேர்த்துக்கொள்வேன். அது பெருமையில் சேராது, சோம்பேறித்தனத்தில் சேரும் என்பது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே கால் வரை எனக்குத் தெரியாது.

2.50. ஒரகடம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். நான் வண்டியை நிறுத்தியதும் கடைக்காரர் பலகாரத் தட்டின் மேல் ஒரு செய்தித்தாளை இழுத்து மூடினார்.

"கார்ப்பரேஷன்ல இருந்து வரியா சார்?"

"ஏன்?"

"கொசுவுக்குப் புகை அடிச்சிக்கினு வந்தியே, அதான் கேட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னை வைத்து நாலு பேர் சிரித்தால் எனக்கு உள்ளூரக் குளிரும். சிறு வயதிலிருந்தே இருக்கும் வியாதி. அந்த நீலப் புகை ஒன்றரை வருடமாக வருகிறது. வண்டி ஆயிலைக் குடிக்கிறது என்று தெரியும். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டிருந்தேன்.

போவதற்குக் காரணம் குமரேசன். இதே ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் ஒரே வரிசையில் நின்று கார்க் கதவுக்குக் கைப்பிடி பொருத்தியவர்கள் நாங்கள். நான்கு வருடங்களுக்கு முன் அவன் வேலையை விட்டுவிட்டுச் சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் வீட்டுக்கே, தறிக்கே திரும்பிவிட்டான். இதுவரை ஒரு முதலாளிக்குக் கூலிக்கு நெய்தான். பட்டு, ஜரிகை, டிசைன் எல்லாம் அவருடையது. கை மட்டும் இவனுடையது. இப்போதுதான் முதல்முறையாகச் சொந்தமாக ஓர் ஆர்டர். சென்னையில் மூன்று அக்கா தங்கைகளுக்கு ஒரே மாதிரி மூன்று சந்தன வெள்ளைப் புடவைகள். கல்யாணத்துக்கு ஒன்பது வாரம் இருந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். அவரும் சிரித்த முகமாக, "போய்ட்டு வாப்பா" என்றாராம். பட்டு வியாபாரி இவன் முகத்தை நம்பிப் பட்டு கொடுத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழம காலைல தெருவுல பட்ட இழுத்துக் கட்டிப் பாவு போடறோம். வந்து பாருடா" என்று போனில் சொன்னான். "முதலாளி பாவு கெடையாது. என்னுது."

4.20. சின்ன காஞ்சிபுரம். குமரேசனே என்னை நேராக மெக்கானிக் ஜமீல் பாயிடம் கூட்டிப்போனான். பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் பக்கத்துச் சந்தில் கடை. பாய் வண்டியை ஓடவிட்டு, சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். கை கறுத்து, ஈரமாக இருந்தது. அதை என்னிடம் நீட்டினார், ஜாதகம் காட்டுவது போல.

"ஆயில் எப்ப மாத்தின?"

"தீபாவளிக்கு, பாய்."

"எந்த தீபாவளி?"

நான் யோசித்தேன். குமரேசன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

"ஊத்திக்கினே இருக்கேன் பாய். குறைய விட்டதில்ல."

"பழைய கொழம்புல தண்ணி ஊத்தினா புதுக் கொழம்பாயிடுமா?" என்றபடி காற்று வடிகட்டியைக் கழற்றிச் சுவரில் தட்டினார். ஒரகடத்தில் பாதி அதற்குள் இருந்தது.

இன்ஜினின் ஆயுள் பற்றி நான் அதுவரை படித்ததெல்லாம் வீண். பாய் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

"தாமல்லருந்து ஒரு பால்காரர் வருவாரு. ஒரு லட்சத்து எம்பதாயிரம் ஓட்டிட்டாரு, நானும் இன்னும் தொறக்கல. தெனம் அம்பது கிலோமீட்டர், ஒரே சீரா போவாரு. காலைல ஸ்டார்ட் பண்ணிட்டு ஒரு பீடி பத்தவெப்பாரு. பாதி பீடிக்கு அப்புறம்தான் கியர் போடுவாரு. பீடி அவர அரிக்குது, வண்டியக் காப்பாத்துது."

"அப்ப அதிகம் ஓட்டினா தேஞ்சிடும்னு சொல்றது?"

"ஓட்டாமயும் தேயும்பா. இந்தத் தெருக்காரங்க வண்டியப் பாரு. வூட்லருந்து சாயப் பட்டற அரை கிலோமீட்டர், பட்டறலருந்து கடை அரை கிலோமீட்டர். இன்ஜின் சூடே ஏறாது. உள்ள தண்ணி கோத்து ஆயில் மோர் மாதிரி ஆயிடும். முப்பதாயிரத்துலயே எங்கிட்ட வந்துடும். நீ வேற மாதிரி. லாரிக்கு நடுவுல எழுபதுல அடிக்கற, மண்ணத் திங்க விடற, ஆயில் மாத்தறதில்ல." விரலைத் துடைத்துக்கொண்டே முடித்தார். "பிஸ்டன்ல ரிங்கு போயிடுச்சி. ராத்திரி நிறுத்தினா ஆயில் பிஸ்டனுக்கு மேல கசிஞ்சி நிக்கும். காலைல மொத ஸ்டார்ட்டுக்குத் துப்பும். இங்கயே வுட்டுட்டுப் போ. திங்கக்கிழம பிரிச்சிடலாம்."

விட்டிருக்க வேண்டும். ஆனால் காலையில் பாவு பார்த்த கையோடு தாமல் ஏரிக்கரைக்கு ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்று எனக்கு ஆசை. பயணக் கட்டுரை எழுதுகிறவனுக்கு ஓர் ஏரியாவது வேண்டாமா. "நாளைக்குக் கொண்டாரேன் பாய்" என்றேன். அவர் குமரேசனைப் பார்த்தார். குமரேசன் தெருவைப் பார்த்தான். விருந்தாளியிடம் என்ன சொல்வது.

8.00. குமரேசன் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி செல்வி தோசை வார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"அண்ணா, காலைல தெரு பூரா பாவு நிக்கும். எங்க தெருவுல அப்போ யாரும் வண்டி ஸ்டார்ட் பண்ண மாட்டாங்க. முனை வரைக்கும் தள்ளிக்கினு போய்தான் ஓட்டணும். புகை, கரி எதுனா ஈரப் பாவுல பட்டா போவாது."

"போலீஸ்காரரே தள்ளிக்கினுதான் போவாரு" என்றான் குமரேசன்.

நான் தலையாட்டினேன். நன்றாகவே காதில் விழுந்தது.

ஞாயிறு, காலை 5.50. கதவைத் திறந்தபோது தெருவே தறி மாதிரி இருந்தது. பாவு என்பது புடவையின் நீளவாக்கில் ஓடும் இழைகள். தெருவின் நடுவே இரு முனையிலும் கம்பம் நட்டு, மூன்று புடவைக்கான பட்டை இடுப்பு உயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், சந்தன வெள்ளை. அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் இரண்டு பக்கமும் நின்று, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். கூலி கிடையாது, இன்று இவன் பாவுக்கு அவர்கள், நாளை அவர்கள் பாவுக்கு இவன். குமரேசன் குளித்து, திருநீறு பூசி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துகொண்டே இருந்தான். கம்பெனியில் கைப்பிடி பொருத்தும்போது அவன் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

கால் மணி நேரம் பார்த்தபின் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வெயில் ஏறுவதற்குள் ஏரிக்குப் போய்விடலாம் என்று வண்டியை எடுத்தேன். பாவுக்கும் வீட்டு வாசல்களுக்கும் இடையே இருந்த மூன்றடி இடைவெளியில் தள்ளிக்கொண்டு போனேன். பாதித் தூரம் போயிருப்பேன். கஞ்சி தெளித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக் கற்பகம் அக்கா நிமிர்ந்தார்.

"இன்னாபா, ராத்திரி பூரா லட்சத்து நாப்பதாயிரம், லட்சத்து நாப்பதாயிரம்னு சொல்லிக்கினு இருந்தியாமே. அத்தினியும் தள்ளிக்கினேதான் வந்தியா?"

தெரு சிரித்தது. பத்துப் பேர், ஈரக் கையோடு. செல்வியும் சிரித்தாள். அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு, அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில் சிரிப்பு வாங்க வேண்டும் என்பது மட்டுமே தெரிந்தது. "ஒரே உதை, அக்கா. காதால கேட்டுக்குங்க" என்று சொல்லிச் சாவியைத் திருப்பி, உதைத்தேன். ஓட்டப் போவதில்லையே, சத்தம் மட்டும்தானே என்று நினைத்தேன். நினைத்தேனா என்பதும் சந்தேகம்தான்.

ஒரே உதையில் கிளம்பியது. பாய் சொன்னபடியே துப்பியது.

அணைக்க இரண்டு விநாடிகூட ஆகவில்லை. சைலன்சரின் வாய்க்குப் பின்னால் ஓர் ஆள் நீளத்துக்குப் பாவில் கறுப்புப் புள்ளிகள். புள்ளியாக இருந்தவை ஈரக் கஞ்சியில் ஒவ்வொன்றாகப் பரவி, மஞ்சளும் கறுப்புமாக விரிந்தன. பத்துப் பேரும் இழையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். விட்டால் பாவு தொய்ந்துவிடும். அதனால் பதறக்கூட அவர்களுக்கு வழியில்லை.

குமரேசன் வந்தான். குனிந்து பார்த்தான். விரல் நுனியால் ஓர் இழையைத் தொட்டு, முகர்ந்தான்.

"ஆயிலு" என்றான், யாரிடமும் இல்லாமல்.

செல்வி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்த்தார்கள். கறை கொஞ்சம் வெளுத்து, இன்னும் அகலமானது. கற்பகம் அக்கா என்னைப் பார்க்கவில்லை. தான் கேலி செய்ததால்தான் என்று அவர் நினைத்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அதையும் அவர் தலையில் ஏற்றிவிட்டேன்.

7.30. கறை விழுந்தது நடுப் புடவை வரும் இடத்தில். அதை வெட்டி எடுத்தால் இரண்டு புடவைதான் தேறும். மூன்றாவதுக்குப் புதிதாகப் பட்டுப் போட்டால், ஒரு சாயத்தில் வந்த வெள்ளை இன்னொரு சாயத்தில் வராது. குமரேசன் வாசற்படியில் உட்கார்ந்து சென்னைக்குப் போன் போட்டான். எதையும் மறைக்கவில்லை, வண்டிப் புகை என்றான், யார் வண்டி என்று மட்டும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். மூன்றும் ஒரே பாவில் வேண்டும் என்றுதானே நெசவுக்காரரிடமே நேராக வந்தோம், இனி நாளும் இல்லை, கடையிலேயே எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். "சரிங்கம்மா" என்று ஆறு முறை சொன்னான்.

"இப்ப என்ன செய்யறது?" என்றேன்.

"அலசி, மொத்தத்தையும் அரக்குச் சாயத்துல முக்கிட வேண்டிதான். அரக்குல எந்தக் கறையும் அடங்கிடும்."

"அப்புறம்?"

"முதலாளி அரக்கு எடுத்துப்பாரு."

அதற்கு அர்த்தம், அவன் மறுபடி அவர் வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது.

"நானே மூணையும் எடுத்துக்கறேன் குமரேசா."

"எடுத்து? கட்டிக்கினு கம்பெனிக்குப் போவியா?" என்றான். சிரிக்காமல் சொன்னான். என்னிடம் ஒரு புடவைக்குக்கூடப் பணம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். நான்கு வருடம் முன்புவரை அவனும் வாங்கிய சம்பளம்தானே.

"நான் ஏதாவது செய்யணும்டா."

"நீ ஒண்ணும் செய்யாத. அது போதும்."

செல்வி இட்லி வைத்தாள். "சாப்பிட்டுட்டுப் போங்கண்ணா" என்றாள். நான்கு இட்லியையும் தின்றேன். மிச்சம் வைக்கவும் தைரியம் இல்லை. திட்டியிருந்தால் இரண்டோடு எழுந்திருப்பேன்.

10.30. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஜமீல் பாய் கடைக்குப் போனேன். ஞாயிறானாலும் திறந்திருந்தது. செய்தி எனக்கு முன்னால் வந்துசேர்ந்திருந்தது. அவர் அப்போதே பிரித்தார். சிலிண்டரின் உட்சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள், நகத்தால் பிறாண்டியது போல. ரிங்குகள் பிளேடு மாதிரி மெலிந்திருந்தன.

"சிலிண்டரக் கடைஞ்சி, பிஸ்டன் மாத்திடறேன். ஒழுங்கா ஆயில் மாத்தினா இன்னும் எழுபதாயிரம் ஓடும்" என்றார். நல்ல செய்திதான். இரும்புக்கு அப்படி ஒரு வசதி இருக்கிறது. "இந்த ரிங்க ரெண்டு வருஷம் முன்ன மாத்தியிருந்தா அரை நாள் வேலைப்பா" என்றும் சொன்னார். அதை அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தொழில்காரர், கணக்குச் சொன்னார்.

பகல் 1.15. குமரேசனிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வீட்டில் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றாள் செல்வி. தெருவில் கம்பங்கள் மட்டும் நின்றன. பாவைச் சுருட்டிச் சாயப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் தாம்பரத்துத் தெருவில் தினமும் காலையில் நாற்பது வண்டிகள் புகை கக்குகின்றன. யாரும் யாரையும் கேட்பதில்லை, ஏனென்றால் கெட்டுப்போக அங்கே ஒன்றும் காய்வதில்லை. பதினான்கு வருடம் அந்தத் தெருவில் ஓட்டிப் பழகியதைத்தான் இங்கேயும் கொண்டுவந்தேன்.

2.00. பேருந்து நிலையம். தாம்பரத்துக்கு ஐம்பத்தைந்து ரூபாய். பக்கத்து இருக்கையில் மடி நிறையக் கடைப் பைகளோடு ஓர் அம்மாள். முடிச்சூரில் இறங்குவாராம். என் வெறுங்கையைப் பார்த்தார்.

"காஞ்சிபுரம் வந்துட்டுப் புடவை எடுக்கலயா தம்பி?"

"இருக்கும்மா. மூணு."

"எங்க, காட்டு."

"இன்னும் நெய்யல."

"ஆர்டரா? வசதிதான். இன்னா கலர்?"

"அரக்கு."

"நல்ல கலரு" என்றார் அவர், பைகளைச் சரிசெய்துகொண்டே. "அழுக்கு தெரியாது."