எனக்கு மட்டும் வராத கார்டு

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். முதுகலைப் பட்டம் பெற்றவன். பிரிவிலேயே எனக்குத்தான் அதிகச் சம்பளம். சுற்றறிக்கையானாலும் புத்தாண்டு நாள்காட்டியானாலும் முதலில் என் மேசைக்கு வந்த பிறகே மற்றவர்களுக்குப் போகும். ஆகவே வங்கி முகவர் ஒருவர் கிரெடிட் கார்டு விண்ணப்பங்களோடு வந்தபோது முதல் கையெழுத்தை நான் இட்டதில் எவருக்கும் வியப்பில்லை. பணிமூப்பு வரிசையில் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். கடைசியாகக் கையெழுத்திட்டவர், அடி அண்ணாமலையிலிருந்து வந்துபோன இளநிலை உதவியாளர். பணியில் சேர்ந்து ஓராண்டு நிறையாத பெண், எங்கள் எல்லோரிலும் குறைந்த சம்பளக்காரர்.

கார்டுகள் வந்த முற்பகல் இன்னும் கண்ணில் நிற்கிறது. கூரியர்காரர் கூடத்தின் நடுவில் நின்று பெயர்களைக் கூப்பிட்டார். முதல் உறை அந்தப் பெண்ணுக்கு. பிறகு ஒவ்வொருவராக எழுந்துபோய் வாங்கினார்கள். நான் கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. என் பெயர் வராமலே அவர் பையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டின்போது தடுப்புக்கு அப்பாலிருந்து பேச்சு கேட்டது.

"சாருக்கு ஏன்பா வரல?"

"சம்பளம் பத்தலன்னிருப்பாங்க. இல்லன்னா எங்கியாவது லோன் கட்டாம வுட்டிருப்பாரு."

சிரித்தார்கள். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. பணிக்காலம் முழுவதும் காத்த பெயர், பிரிவுபசார விழாவில் இந்தச் சிரிப்போடு முடியப்போகிறதே என்று கவலைப்பட்டேன். நானே போய் மறுத்துப் பேசுவதும் என் பதவிக்கு இழுக்கு.

மறுநாள் காலை அந்தப் பெண் முகவரை அழைத்து, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"எனக்கே கார்டு வந்துடுச்சு, எங்க சூப்பிரண்டு சாருக்கு ஏங்க வரல? சம்பளம் கம்மின்னுட்டாங்களா?"

"ஐயையோ, உங்க எல்லாரையும் வுட சாருக்குத்தான் ஜாஸ்தி மேடம். லோன் பாக்கியும் கிடையாது. வயசுதான். ரிட்டயர் ஆகப்போறவங்களுக்கு எங்க பேங்க்ல குடுக்கறதில்ல. நீங்க சின்ன வயசு, சர்வீஸ் எவ்ளோ கெடக்கு!"

"டவர் சரியில்லீங்க. இன்னொரு வாட்டி, சத்தமா சொல்லுங்க."

அவர் சத்தமாகச் சொன்னார். கூடத்தில் கணினி தட்டும் ஓசைகூட நின்றுபோயிருந்தது.

"சார், கோவமா?" என்று பிறகு அந்தப் பெண் என் மேசையருகே வந்து கேட்டார்.

"வேலையப் பாரும்மா" என்றேன்.

இப்போது வைப்புத்தொகை வைத்திருக்கும் முதியவர்களுக்கும் கார்டு உண்டென்று வங்கியிலிருந்து அழைக்கிறார்கள். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அழைப்பின்போதும் அந்தக் கூடமும், அங்கே எனக்காக உயர்ந்த ஒரு குரலும் நினைவுக்கு வந்து, அன்றைய பொழுது முழுவதும் மனத்தை இதமாக்கிவிடுகின்றன.

சம்பளம் போதாமல் வங்கி என் விண்ணப்பத்தைத் திருப்பியதாக ஓய்வூதியர் சிலர் இன்றும் சொல்லிவருவதாக அறிகிறேன். அது தவறு. சம்பளம் போதுமானதாகவே இருந்தது. வயதுதான் கூடிவிட்டது.