மூன்று வாரம் தாங்க வேண்டிய பிளேடு

"…பூஜைக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு லா, அதுவரைக்கும் கொஞ்சம் அழுத்தித் தள்ளுங்க," என்றார் முதலாளி. மாசாய் ஊரில், கடைவரிசைக்குப் பின்னால் இருந்த அவருடைய பட்டறையில் சமையலறை அலமாரிகள் செய்துகொண்டிருந்தோம். அவர் சொன்னது, பலகை அறுக்கும் மேசை ரம்பத்தை ஓட்டிய அக்காவிடம்.

ஆயுத பூஜை அன்று, எலுமிச்சம்பழம் வெட்டிய பிறகுதான் புதுப் பிளேடு மாட்ட வேண்டும் என்பது முதலாளி வைத்திருந்த வழக்கம். வருடத்துக்கு ஒன்று. இந்த வருடத்துப் பிளேடு வந்து, சாமி படத்துக்கு முன்னால் பெட்டியோடு உட்கார்ந்திருந்தது. மெஷினில் இருந்ததோ பல் மழுங்கி, பலகையின் ஓரத்தைக் கருக்கிக்கொண்டிருந்தது. அக்கா நெஞ்சைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

"அறுக்கிற மாதிரியா இருக்கு தம்பி? வறுக்கிற மாதிரில்ல இருக்கு," என்றார் என்னிடம். அக்காவின் இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் சீக்கிரம் வேலைக்கு வருவேன்.

"அழுக்கா இருக்கும், கழட்டிக் கழுவு," என்றார் முதலாளி என்னைப் பார்த்து.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மேசையின் நடுத்தகட்டைத் தூக்கினேன். எண்ணெயில் ஊறிய மரத்தூள் களிபோல் அப்பியிருந்தது. அதற்குள் போன வருடப் பூஜையின் எலுமிச்சை மூடி, பூசணம் பூத்துக் கறுத்துக் கிடந்தது. கரப்பான் முட்டைகள். எலி மூத்திர வாடை. பிளேடின் மேல் மரப்பிசினும் சந்தனமும் குங்குமமும் சேர்ந்து, ஆறாத புண்ணின் பொருக்குபோல் காய்ந்திருந்தன. தொட்டுக் கும்பிட்ட கைகளில் ஒன்றுகூட அப்புறம் இதைத் திறக்கவில்லை. என் கையும் அதில் ஒன்று என்பதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

டீசலில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பொருக்கு உரிந்ததும்தான் தெரிந்தது, இரண்டு பல்லின் நுனியே இல்லை.

முதலாளியிடம் காட்டினேன். "பளபளன்னு இருக்கே, மாட்டு," என்றார். மாட்டினேன். மாட்டியிருக்கக் கூடாது.

அக்கா மெஷின் பக்கம் வரவில்லை. "அண்ணே, சாமி மூணு வாரம் பொறுத்துக்கும். என் வெரல் பொறுக்காது."

முதலாளி சாமி படத்தருகே போனார். பெட்டியை எடுக்கப் போகிறார் என்று நினைத்தோம். ஒரு சிட்டிகை குங்குமத்தை எடுத்து வந்து, பல் போன அந்தப் பிளேடுக்குப் பொட்டு வைத்தார். "இப்பத் தள்ளுங்க. ஒண்ணும் ஆகாது."

"நீங்க தள்ளுங்கண்ணே, நான் பாக்குறேன்," என்றார் அக்கா, கையைக் கட்டிக்கொண்டு.

முதலாளி ஒரு பலகையை எடுத்துத் தள்ளினார். பாதி தூரம் போனதும் புகை கிளம்பியது. இன்னும் அழுத்தினார். பலகை இறுகிச் சிக்கி, பின்னால் எகிறி, அவர் இடுப்பை உரசிக்கொண்டு போய்த் தகரச் சுவரில் அடித்தது. வலது கை பிளேடுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

மெஷினை நானே ஓடிப்போய் நிறுத்தினேன். அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சாமி படத்தருகே போய், புதுப் பெட்டியை எடுத்து, அதில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார்.