றைமோவின் நாற்பத்தேழு சண்டைகள்

மாவை உரலில் அடைத்துத் தட்டின் மேல் பிடித்ததும் றைமோ மூச்சை அடக்கிக்கொள்வார். கை ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவது சுற்றில் மெல்ல மேலே எழும். தட்டில் இடியப்பம் வட்டமாக விழுந்திருக்கும். பிறகுதான் மூச்சை விடுவார். மற்றவர்கள் இரண்டு கையாலும் பிடித்து, தோளையும் சேர்த்து அழுத்தும் மர உரல் அது. அவரோ இரண்டு கைப்பிடிகளையும் ஒரே இடது கைக்குள் அடக்கிப் பிழிகிறார். வலது கை தட்டு மாற்றுவதற்கு மட்டும். அந்தக் கையில் நடுவிரல்களின் முட்டி இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருக்கிறது.

காலை ஐந்து மணிக்குக் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் திறந்திருப்பது இந்த ஒரு கடைதான். ஆறடி நாலங்குல உயரமான வெள்ளைக்காரர் சாரமும் பனியனுமாகக் குனிந்து நிற்பதைப் புதிதாக வருபவர்கள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. அவர் பின்லாந்துக்காரர். கொட்கா என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். "அங்கயும் துறைமுகம், இங்கயும் துறைமுகம். அங்க குளிருக்குக் கடல் கல்லாகும், அவ்வளவுதான்" என்பார். மனைவி ரொஷேல் எங்கள் ஒழுங்கையில் பிறந்தவர். பின்லாந்துக்கு வேலைக்குப் போய் இவரைக் கட்டிக்கொண்டு, ஒன்பது வருடங்களுக்கு முன் திரும்பி வந்து இந்தக் கடையைப் போட்டார்.

றைமோ எல்லோரையும் "மல்லி" என்றுதான் கூப்பிடுவார். கொழும்பில் அவர் கற்ற முதல் சொல் அது, சிங்களத்தில் தம்பி. எழுபது வயது சப்ரி நானாவும் மல்லிதான், எதிர்வீட்டுக் கன்னியாஸ்திரியும் மல்லிதான். இன்னும் இரண்டு ஈடு அவிக்க இருந்தால் "இன்னும் ரெண்டு ரவுண்ட்" என்பார். இந்த ஊர் வெக்கையில் ஆவி பறக்கும் பானைக்குப் பக்கத்தில், கதவையும் சாத்திக்கொண்டு, தன் ஊர் நீராவிக் குளியலில் போலக் கண்ணை மூடி நிற்பது அவருக்கு விருப்பம். ரொஷேல் வந்து கதவைத் திறந்தால்தான் மற்றவர்களுக்கு மூச்சு வரும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயிலுக்கு நடந்து போவதை எங்கள் ஒழுங்கைப் பெண்பிள்ளைகள் ஜன்னலால் பார்ப்பார்கள். ரொஷேல் எப்போதும் அவருடைய இடது பக்கத்தில்தான் நடக்க வேண்டும். மறந்துபோய் வலது பக்கம் வந்துவிட்டால், றைமோ அவரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடுவார். "பாரு, எவ்வளவு ஆசை" என்பார்கள் பிள்ளைகள்.

கடைச் சுவரில் ஒரு பெரிய படம். நீலக் காற்சட்டை, நீலக் கையுறை, இளமையான றைமோ. அதன் கீழே "ஐரோப்பிய ஹெவிவெயிட் சாம்பியன்" என்று எழுதி மாட்டியவர் ரொஷேலின் அண்ணன் பற்றிக். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். வேலை முடிந்து வந்தால் கடை வாசலில் கதிரையைப் போட்டு, "என்ட மச்சான் அடிச்சா மாடு விழும்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். சப்ரி நானா விடமாட்டார். "மாட்ட அடிக்கிறது ஈசி பற்றிக். உங்கட தங்கச்சிய எதிர்த்து ஒரு வார்த்தை கதைக்கச் சொல்லுங்க பாப்பம்."

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் எனக்கு இந்தச் சாம்பியனைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒரு நாள் வரிசையில் நின்றபடியே அவருடைய முழுப்பெயரைக் கைபேசியில் தேடினேன். குத்துச்சண்டைக்காரர்களின் கணக்கையெல்லாம் வைத்திருக்கும் ஒரு இணையதளத்தில் அவர் இருந்தார். பன்னிரண்டு வருடங்கள், நாற்பத்தேழு சண்டைகள். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு நிறக் கட்டம். வெற்றி பச்சை, தோல்வி சிவப்பு. நான் விரலால் கீழே தள்ளத் தள்ளச் சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. நாற்பது தோல்வி, ஒரு சமநிலை, ஆறு வெற்றி. வேறு யாரோ என்று நினைத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். அதே நீலக் காற்சட்டை.

என் முறை வந்தபோது பத்து இடியப்பத்துக்குப் பதிலாக ஐந்து என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு குழப்பம்.

கூட்டம் முடிந்து அவர் மாவு சலித்துக்கொண்டிருந்த நேரம் போய்க் கேட்டேன். கேட்கும்போது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவருக்கு இல்லை.

"ஓம் மல்லி, நாப்பது. சரியான கணக்கு."

"அப்ப சாம்பியன் என்டு..."

"அது பற்றிக் எழுதினது. நான் தமிழ் வாசிக்க மாட்டன் தானே."

பிறகு விளக்கினார். ஒரு ஊரில் இளம் வீரன் ஒருவன் வளர்ந்து வருவான். ஊரே அவன் பக்கம். அவன் வெல்ல வேண்டும், ஆனால் லேசாக வென்றால் பழக்கம் வராது. அதற்கு வெளியூரிலிருந்து ஒரு ஆள் வேண்டும். கையைத் தூக்கத் தெரிந்த, ஆறு சுற்று நிற்கக்கூடிய, கடைசியில் தோற்கிற ஆள். இரண்டு நாளைக்கு முன்னால் தொலைபேசி வரும். றைமோ பையை எடுத்துக்கொண்டு போவார். அவருக்கு எப்போதும் நீல மூலைதான், வெளியூர்க்காரனின் மூலை.

"காசு வாங்கித் தோக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சலிப்பதை நிறுத்தினார். "இல்ல மல்லி. அப்படி விழுந்தா அது கள்ளம். நான் ஒவ்வொரு தரமும் உண்மையா அடிச்சன். அவங்க என்ன விட நல்லா அடிச்சாங்க. அப்படி ஆக்களத்தான் எனக்குப் பாத்துத் தருவாங்க. என்ட வேலை விழுறது இல்ல. நிக்கிறது."

"ஆறு தரம் வென்டிருக்கிறீங்களே."

"அஞ்சு ஆரம்பத்தில. ஒண்டு பிழை."

பிழை என்றுதான் சொன்னார். ஜேர்மனியில் ஒரு ஊர். எதிரில் இருபத்திரண்டு வயதுப் பையன், ஒரு சண்டையும் தோற்காதவன். மூன்றாவது சுற்றில் அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். றைமோவின் வலது கை தானாகப் போனது. பையன் விழுந்து, பத்து எண்ணி முடியும்வரை எழும்பவில்லை. "ஹோல் முழுக்க சத்தம் இல்ல. முதல் வரிசையில அவன்ட அம்மா. என்ட மனேஜர் என்னப் பாத்துத் தலையில கை வச்சார்."

வென்றவனை யார் கூப்பிடுவார்கள்? தங்கள் பையனையும் விழுத்திவிட்டால்? பதினான்கு மாதங்கள் தொலைபேசி அடிக்கவில்லை. அந்த அடியில் அவருடைய கையும் உடைந்திருந்தது. வயோதிபர் இல்லம் ஒன்றில் தரை துடைக்கப் போனார். அங்கே வேலை செய்தவர்தான் ரொஷேல். "பிழை விட்டதாலதான் ரொஷேல் கிடைச்சா."

"கிடைச்சவ சொல்லுறன், மாவச் சலிங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அன்று முழுவதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஒரு மனிதர் வாழ்க்கையில் அடித்த மிகச் சிறந்த அடியைப் பிழை என்கிறார். நாற்பது தோல்வியை வேலை என்கிறார்.

ஆனால் ரொஷேலின் கவலை வேறு. டிசம்பரில் நத்தார் பண்டிகை முடிந்த பிறகு சில இடியப்பங்கள் தட்டுக்கு வெளியே பாதி தொங்கத் தொடங்கியிருந்தன. ஒரு காலை, ஆணியில் தொங்கிய மழைக்கோட்டுக்கு றைமோ "குட் மோர்னிங் மல்லி" சொன்னார். எல்லோரும் பகிடி என்று சிரித்தோம். அவரும் சிரித்தார். ரொஷேல் மட்டும் சிரிக்கவில்லை.

மாசி மாதம் எங்கள் பங்கு மண்டபத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. பெயர் பதியும் வேலை என்னுடையது. ரொஷேல் முகாமுக்கு முதல் நாளே வந்தார்.

"மகன், இவர்ட பேர முதல்ல போடு."

"போன வருச முகாமில பாஸ் தானே அக்கா?"

"பாஸ் தான். கடைசி வரி வரைக்கும் அப்படியே சொன்னார். ஆனா நேத்து உப்புப் போத்தல் கண்ணுக்கு முன்னால இருக்கு, மேசையெல்லாம் தடவுறார். கேட்டா 'பிரச்சினை இல்ல'. இந்த மனுசன் கைய வெட்டினாலும் பிரச்சினை இல்ல என்டுதான் சொல்லும்."

முகாமின் முறை சுலபமானது. எழுத்துப் பலகையை வாசித்தால் ஒரு வாசிப்புக் கண்ணாடி தந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாசிக்க முடியாதவர்கள் திரைக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே டொக்டர் கருவி வைத்துக் கண்ணுக்குள் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார். போன வருடம் பலகையை வாசித்ததால் றைமோவின் கண்ணுக்குள் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்து மண்டபம் நிறைந்திருந்தது. பற்றிக் தன் துறைமுகக் கூட்டாளிகள் நாலு பேரோடு வந்து, "விலகுங்க, சாம்பியன் வாறார்" என்று வழி செய்தார். றைமோ தரையில் போட்டிருந்த கோட்டில் போய் நின்றார். தூரத்தில் விளக்கெரியும் எழுத்துப் பெட்டி, நாலு பக்கமும் சுழலும். ஆங்கிலம், சிங்களம், தமிழ். நாலாவது பக்கம் எழுத்துத் தெரியாதவர்களுக்கு. அதில் ஆங்கில ஈ எழுத்து மட்டும் பல பக்கமும் திரும்பித் திரும்பி இருக்கும், அதன் கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும்.

"ஒரு கண்ண மூடிக்கொண்டு மேல இருந்து வாசிங்க" என்றார் தாதி. அவர் பார்த்தது தன் கையிலிருந்த தாளை.

றைமோ வலது கையால் வலது கண்ணை மூடினார். "ஈ. எஃப், பீ. ரீ, ஓ, ஸெட். எல், பீ, ஈ, டீ." தட்டுத்தடங்கல் இல்லை. ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசியில் "எஃப், ஈ, எல், ஓ, பீ, ஸெட், டீ" என்று முடித்தார். துறைமுகக் கூட்டாளிகள் கை தட்டினார்கள்.

"மற்றக் கண்."

இப்போது இடது கையைத் தூக்கினார். அந்தக் கை முகத்தைக் குறுக்காகக் கடந்து மறுபடியும் வலது கண்ணையே மூடியது. நான் பக்கவாட்டில் மேசையில் இருந்ததால் கண்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் மீண்டும் முதல் எழுத்திலிருந்து தொடங்கிவிட்டார்.

கை தட்டிக்கொண்டிருந்த பற்றிக்கின் கை நின்றது. அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"மச்சான்," என்றார் மெதுவாக. "அதில தமிழ் இருக்கு."

றைமோவுக்கு முன்னால் வந்த ஒரு அம்மாவுக்காகத் திருப்பிய தமிழ்ப் பக்கத்தைத் தாதி மாற்ற மறந்துவிட்டார். மண்டபத்தின் நடுவில் ட, ப, ம என்று எரிந்துகொண்டிருந்தது. றைமோ தமிழில் ஒரு எழுத்தும் அறியாதவர். ஒருவர் சிரித்தார், பாதியில் நிறுத்திவிட்டார்.

"நான் ஓகே" என்றார் றைமோ. யாரும் கேட்காமலே மறுபடியும், "நான் ஓகே."

திரைக்குப் பின்னாலிருந்து டொக்டர் வெளியே வந்தார். இளம் பெண். ஆனால் ரொஷேல் அவருக்கு முன்னால் நடந்து, கணவரிடமிருந்து நாலு அடி தள்ளி நின்றார்.

"றைமோ, நான் என்ன கலர் உடுத்திருக்கிறன்?"

"நீலம்."

ரொஷேலின் சட்டை வெள்ளை. அவர் அழவில்லை.

"ரெண்டு தரமும் வலது கண்ணத்தான் மூடின. எப்பயிருந்து அது தெரியாது?"

"ரெண்டாயிரத்து மூண்டு."

"நாங்க கட்டினது நாலில."

"ஓம்."

"ஒரு கண்ணோடயா சண்டை பிடிச்ச?"

"ஒன்பது சண்டை. மெடிக்கல் பாஸ் ஆகாட்டி போன் வராது. எல்லா ஊர்லயும் ஒரே எழுத்துப் போட் தான், ரொஷேல். பாடமாக்கினன்."

"அதுக்குத்தானா என்ன எப்பவும் இடப்பக்கம் வச்சு நடந்த?"

றைமோ தலை குனிந்தார்.

டொக்டர் அவரிடம் ஒரு பிள்ளையோடு கதைப்பது போலக் கதைக்கவில்லை. நேராகச் சொன்னார். "உங்களுக்கு மிச்சம் இருக்கிறது இடது கண். அதில என்ன நடக்குது என்டு இப்ப பாத்தா, சிலநேரம் காப்பாத்தலாம். நீங்க பாஸ் என்டு வீட்ட போனா, அடுத்த வருசம் காப்பாத்த ஒண்டும் இராது. எனக்கு ரெண்டு கண்ணும் உண்மையா எப்படி என்டு தெரிய வேணும். பொய் சொன்னா என்னால ஒண்டும் செய்யேலாது."

தாதி பெட்டியைச் சுழற்றினார். ஈ எழுத்துகள் மட்டும் உள்ள பக்கம் வந்து நின்றது. மேலே ஒன்று, ஒரு சாண் இருக்கும். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தும் அதன் கால்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்தது.

"வாசிக்கத் தேவையில்ல," என்றார் தாதி. "கால் எந்தப் பக்கம் என்டு கையால காட்டுங்க."

பற்றிக் மெல்ல, "வீட்ட போவம் மச்சான்" என்றார்.

றைமோ இடது கையை உயர்த்தினார். அது வழக்கமான பக்கம் போகத் தொடங்கி, மூக்கின் மேல் வந்து நின்றது. பிறகு திரும்பி வந்து, இருபத்தோரு வருடங்களில் முதல் தடவையாக, இடது கண்ணை மூடியது. விரலிடுக்கில் வெளிச்சம் வராதபடி உள்ளங்கையை நன்றாக அழுத்திக்கொண்டார். காட்டுவதற்காக வலது கையை முன்னால் நீட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முட்டி இறங்கிய அந்தப் பெரிய கை எந்தப் பக்கமும் திரும்பாமல் காற்றில் அப்படியே நின்றது.